ஒவ்வொரு திருகாணிக்கும் ஒரு குறி



இன்றைய பேச்சு மடிக்கணினியைப் பற்றியது. லேப்டாப் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அதுதான். அதை எப்படித் திறப்பது, எப்படிப் பழுது பார்ப்பது, எப்படித் திரும்பப் பூட்டுவது என்பதுதான் இன்றைய பொருள்.

"அதெல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்கள் வேலை ஆயிற்றே" என்று சிலருக்குத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். ஒரு கதையோடு தொடங்கலாம். கதையில் வரும் குடும்பம் கற்பனை. ஊர் உண்மை. தொழில் உண்மை. அந்தக் கருவியும் அதன் பழுதும் உண்மை.

கொச்சியில் ஒரு வீடு

கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம். கொச்சி நகரத்தின் பழைய பகுதி மட்டாஞ்சேரி. மிளகு, சுக்கு, ஏலக்காய் வாசம் வீசும் தெருக்கள். பக்கத்திலேயே ஃபோர்ட் கொச்சி. அங்கே வெளி என்ற இடத்தில் ஒரு தோபி கானா இருக்கிறது. துணி வெளுக்கும் பொதுக்கூடம் அது. அங்கே வேலை செய்பவர்களில் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. ஒரு காலத்தில் வெள்ளைக்காரப் படைவீரர்களின் துணியை வெளுக்க, தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள்.

அப்படி ஒரு குடும்பம் மட்டாஞ்சேரியில் துணி தேய்க்கும் கடை வைத்திருக்கிறது. வீட்டில் மூன்று பெண்கள். பாட்டி, அம்மா, மகள். மகள் கல்லூரியில் படிக்கிறாள். அம்மா சீட்டுப் பிடித்து, அந்தப் பணத்தில் அவளுக்கு ஒரு பழைய மடிக்கணினி வாங்கிக் கொடுத்தாள். 2018இல் செய்த கருவி.

இப்போது அது தகராறு செய்கிறது. பொத்தானை அழுத்தினால் உயிர் வரப் பத்து நிமிடம். அடிப்பக்கம் இஸ்திரிப் பெட்டி போலச் சுடுகிறது. உள்ளே விசிறி இரைகிறது. மகள் கல்லூரிக்கு ஒரு கட்டுரை கொடுக்க வேண்டும். இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது.

ஒரு கடையில் காட்டினார்கள். "பழசாயிடுச்சு சேச்சி. புதுசு வாங்கிக்கோங்க" என்றார் கடைக்காரர்.

அம்மா வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டாள். புதுசு வாங்க எத்தனை சட்டை தேய்க்க வேண்டும்? கணக்கு முடியவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

பாட்டி கேட்டாள்: "ஏம்மா, இஸ்திரிப் பெட்டியில கைப்பிடி கழன்றா, பெட்டியையே தூக்கிப் போடுறோமா?"

நல்ல கேள்வி அல்லவா?

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

ஒரு பொருளைப் பழுது பார்க்க வேண்டுமானால், அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். மடிக்கணினியைத் துணி தேய்க்கும் கடையோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும்.

கடையில் தேய்க்கும் கை ஒன்று உண்டு. மடிக்கணினியில் அந்தக் கைதான் பிராசசர். கணக்குகளை எல்லாம் செய்வது அதுதான்.

கடையில் ஒரு மேசை உண்டு. இப்போது தேய்க்கிற துணிகள் அதன்மேல் கிடக்கும். மடிக்கணினியில் அந்த மேசைக்குப் பெயர் ராம்.

கடையில் ஓர் அலமாரி உண்டு. எல்லாத் துணியும் அங்கே அடுக்கியிருக்கும். மடிக்கணினியில் அதுதான் ஹார்டு டிஸ்க். படம், பாட்டு, கட்டுரை எல்லாம் தங்குவது அங்கேதான்.

மேசை சிறியதாக இருந்தால் என்ன ஆகும்? நான்கு துணி வைத்ததும் இடம் நிறைந்துவிடும். ஐந்தாவது துணிக்காக ஒன்றை எடுத்து அலமாரியில் வைக்க வேண்டும். மறுபடி அதைத் தேடி எடுக்க வேண்டும். வேலை நேரம் எல்லாம் நடையிலேயே போகும். ராம் குறைவான மடிக்கணினி மெதுவாக ஓடுவதற்கு இதுதான் பெரிய காரணம்.

அலமாரியும் பழைய வகையாக இருந்தால் இன்னும் மெதுவாகும். ஹார்டு டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுழல்கிறது. பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று. ஒரு முள் அதன்மேல் ஓடித் தேட வேண்டும். இப்போது எஸ்.எஸ்.டி. என்ற புது வகை இருக்கிறது. அதில் சுழலும் தட்டும் இல்லை, ஓடும் முள்ளும் இல்லை. பழைய தட்டு நொடிக்கு ஏறக்குறைய 100 எம்.பி. எடுத்துக் கொடுத்தால், அதே இடத்தில் பொருத்தும் எஸ்.எஸ்.டி. ஏறக்குறைய 500 எம்.பி. கொடுக்கும்.

கடையில் புழுக்கம் ஏறினால் கை தளரும். மடிக்கணினியும் அப்படித்தான். விசிறியில் தூசி அடைத்தால் சூடு வெளியே போகாது. சூடு ஏறினால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஆகவே மூன்று வேலை. மேசையைப் பெரிதாக்க வேண்டும். அலமாரியை மாற்ற வேண்டும். தூசியைத் தட்ட வேண்டும். இதற்காகப் பெட்டியையே தூக்கி எறிய வேண்டுமா?

முதலில் படியுங்கள், பிறகு திறவுங்கள்

மகளுக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் 2018இல் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் மன்றம் தொடங்கியது. அதில் கணினியின் உறுப்புகளைப் பற்றியும் சொல்லித் தருகிறார்கள். அவள் அதில் இருந்தவள். ஆனாலும் தன் சொந்தக் கருவியைத் திறந்ததில்லை. கை நடுங்கியது.

அவள் முதலில் திருப்புளியை எடுக்கவில்லை. மூன்று வேலை செய்தாள்.

ஒன்று: கட்டுரையையும் படங்களையும் பென் டிரைவில் நகல் எடுத்தாள். கருவி போனால் வேறு வாங்கலாம். எழுதியது போனால் வராது.

இரண்டு: அடிப்பக்கம் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். மாடல் எண்ணை நோட்டில் எழுதினாள். ராம் எல்லா மடிக்கணினிக்கும் ஒன்றல்ல. டி.டி.ஆர்.3 வேறு, டி.டி.ஆர்.4 வேறு. ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. வெட்டுக் குழி இருக்கும் இடமே மாறியிருக்கும். சில மெலிந்த மடிக்கணினிகளில் ராமைப் பலகையோடு பற்றவைத்திருப்பார்கள். அதை மாற்றவே முடியாது. மாடல் எண் தெரிந்தால் இதையெல்லாம் முன்பே விசாரித்துவிடலாம்.

மூன்று: உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா என்று பார்த்தாள். முடியாவிட்டால் திறக்கும் முன் கம்பெனியின் சேவை மையத்தில் கேட்பதே நல்லது.

சீட்டில் இருப்பது ஆங்கில எழுத்துதான். பொருள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எழுத்தையும் எண்ணையும் பார்த்து அப்படியே எழுதினால் போதும். சார்ஜர் வாங்கும்போதும் இப்படித்தான். பழைய சார்ஜரில் 19 வோல்ட் என்று இருந்தால், புதியதிலும் அதே வோல்ட் இருக்க வேண்டும். ஆம்பியர் எண் அதே அளவோ, கூடுதலாகவோ இருக்கலாம். குறையக்கூடாது. செருகும் முனையும் அதே மாதிரி இருக்க வேண்டும். இரண்டு எண்ணைப் படிக்கத் தெரிந்தவர் ஏமாற மாட்டார்.

அம்மாவும் மகளும் படகேறி எர்ணாகுளம் கரைக்குப் போனார்கள். அங்கே பென்டா மேனகா என்ற கட்டடம் நிறையக் கைப்பேசிக் கடைகளும் பழுது பார்க்கும் கடைகளும் இருக்கின்றன. நோட்டில் எழுதிய எண்ணைக் காட்டி, பொருத்தமான 4 ஜி.பி. ராம் ஒன்று வாங்கினார்கள். ரசீதும் கேட்டு வாங்கினார்கள்.

பாட்டி சொன்ன முறை

அன்று இரவு மேசையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்தார்கள். மகள் மடிக்கணினியை முழுவதும் அணைத்தாள். சார்ஜரைப் பிடுங்கினாள். இரும்பு பீரோவை ஒரு முறை தொட்டாள். உடம்பில் தேங்கிய சிறு மின்சாரம் இப்படித் தொட்டால் இறங்கிவிடும். அந்தச் சிறு மின்சாரமே ராமைக் கெடுத்துவிடக் கூடும்.

கருவியைக் கவிழ்த்தாள். அடியில் பதினொரு திருகாணிகள். மூன்று கழற்றிக் கிண்ணத்தில் போட்டாள்.

"நிறுத்து," என்றாள் பாட்டி. "எல்லாத்தையும் ஒரே கிண்ணத்துல போட்டா, எது எந்த வீட்டுத் துணின்னு எப்படித் தெரியும்?"

நண்பர்களே, சலவைக் குறி என்பது எல்லாருக்கும் தெரியும். பத்து வீட்டு வேட்டி ஒரே தொட்டியில் விழும். எல்லாம் வெள்ளை. ஆனால் மாலையில் ஒவ்வொன்றும் அதன் வீட்டுக்கே திரும்பிப் போகும். எப்படி? துணியின் ஓரத்தில் ஒரு புள்ளி, ஒரு கோடு, ஒரு சிலுவை. அந்தக் காலத்தில் சேராங்கொட்டைச் சாற்றால் அந்தக் குறியைப் போடுவார்கள். எத்தனை முறை வெளுத்தாலும் அது போகாது. எழுத்துத் தெரியாத நாளிலும் சலவைத் தொழிலாளரிடம் அந்த அறிவு இருந்தது.

பாட்டி ஒரு தாளில் மடிக்கணினியின் அடிப்பக்கத்தைப் படமாக வரையச் சொன்னாள். திருகாணி இருந்த இடத்தில் எல்லாம் ஓட்டை போட்டு எண் கொடுக்கச் சொன்னாள். கழற்றிய திருகாணியை அந்தந்த ஓட்டையிலேயே குத்தி வைத்தார்கள்.

பார்த்தபோதுதான் தெரிந்தது. பின்பக்கத்துத் திருகாணிகள் நீளம். முன்பக்கத்தவை குட்டை. நீளமானதைக் குட்டைக் குழியில் போட்டு முறுக்கினால் மேல் தகட்டைக் குத்தும். உள்ளே பலகையையும் உடைக்கலாம். கிண்ணத்தில் கலந்திருந்தால் இது நடந்திருக்கும்.

ரப்பர் பாதத்துக்கு அடியில் ஒரு திருகாணி ஒளிந்திருக்கும். அதையும் தேடி எடுத்தார்கள். மூடியைத் திறக்கக் கத்தி போடவில்லை. பழைய ஏ.டி.எம். அட்டையை இடுக்கில் நுழைத்து மெல்ல நெம்பினார்கள். மூடி வந்துவிட்டது.

திறந்ததும் முதல் வேலை பாட்டரி. அதன் இணைப்பைக் கழற்றினாள் மகள். பிறகு மின்பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்தாள். மிச்ச மின்சாரமும் தீர்ந்தது. இதைச் செய்யாமல் உள்ளே கை வைக்கவே கூடாது.

ஓர் எச்சரிக்கை. பாட்டரி உப்பியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், வளைக்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். லித்தியம் பாட்டரி கிழிந்தால் தீப்பிடிக்கும். அது தேர்ந்தவர் கைக்குப் போக வேண்டிய வேலை.

இவர்கள் வீட்டுப் பாட்டரி உப்பவில்லை. மகள் விசிறியின் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷால் தூசியை எடுத்தாள். கம்பளி போலச் சுருண்டு வந்தது. துணிக்கடையின் பஞ்சுதான்! பிறகு புது ராமைச் சாய்த்து வைத்து, காலியாக இருந்த குழியில் செருகி, கீழே அழுத்தினாள். பாட்டரியை இணைத்தாள். எண் பார்த்துத் திருகாணிகளைப் பூட்டினாள்.

பொத்தானை அழுத்தினாள். விளக்கு எரிந்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

கறுப்புத் திரை

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். ஐந்து நிமிடம். ஒன்றும் வரவில்லை.

"கெடுத்துட்டோமா?" என்றாள் அம்மா. மகள் கண்ணில் நீர் வந்துவிட்டது. கட்டுரைக்கு இன்னும் மூன்று நாள்தான்.

பாட்டி பதறவில்லை. "துணி ஒண்ணு குறைஞ்சா அழுதுகிட்டா உட்காருவோம்? கணக்கு நோட்டைத்தானே பார்ப்போம். நோட்டை எடு. கடைசியாச் செஞ்சது எது? அதிலிருந்து பின்னாலேயே வா," என்றாள்.

ஒவ்வொரு வேலையையும் எழுதி, முடித்ததும் பக்கத்தில் ஒரு டிக் போட்டிருந்தாள் மகள். பாட்டரி இணைப்பு, டிக். விசிறி, டிக். ராம், இரண்டு பக்கக் கொக்கியும் மாட்ட வேண்டும். அங்கே டிக் இல்லை!

மறுபடி அணைத்தாள். மறுபடி திறந்தாள். மறுபடி பாட்டரியைக் கழற்றினாள். ராமில் ஒரு பக்கக் கொக்கி மாட்டாமல் நின்றது. எடுத்து, சாய்த்து, முழுவதும் உள்ளே தள்ளி அழுத்தினாள். "டக்" என்று இரண்டு பக்கமும் சத்தம் கேட்டது. டிக் போட்டாள்.

இந்த முறை திரையில் ஒளி வந்தது. மூன்று பேரும் சிரித்தார்கள். கட்டுரை நாளுக்கு முன்பே முடிந்தது.

எஸ்.எஸ்.டி.யை அவர்கள் அன்று மாற்றவில்லை. கட்டுரை கொடுத்த பிறகு, அடுத்த மாதச் சம்பாத்தியத்தில் மாற்றினார்கள். அதுவும் நல்ல பாடம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். அப்போதுதான் பழுது வந்தால் எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

புது எஸ்.எஸ்.டி.யில் ஒன்றுமே இருக்காது. கணினியை இயக்கும் மென்பொருளை அதில் ஏற்ற வேண்டும். கேரளப் பள்ளிகளில் லினக்ஸ் என்ற கட்டணமில்லா மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறார்கள். விண்டோஸ் 10க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்பு உதவி 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கருவிகள் பல உண்டு. அவற்றுக்கும் லினக்ஸ் மறுவாழ்வு தரும்.

எது நம் வேலை, எது அவர் வேலை?

எல்லாவற்றையும் வீட்டில் செய்துவிட முடியாது. தூசி தட்டலாம். ராம் மாற்றலாம். எஸ்.எஸ்.டி. மாற்றலாம். கழற்றி மாட்டும் பாட்டரியை மாற்றலாம். பலகையில் பற்றவைக்கும் வேலை, உடைந்த திரை, உப்பிய பாட்டரி, தண்ணீர் புகுந்த கருவி ஆகியவை கைதேர்ந்த மெக்கானிக்குக்கு உரியவை.

கொச்சியில் கடற்காற்று உப்புக் காற்று. மழை மாதங்களில் சுவரே வியர்க்கும். உள்ளே இருக்கும் இணைப்புகளில் பச்சை பூக்கும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகள் மூழ்கின. கருவி நனைந்தால் "வேலை செய்கிறதா" என்று பொத்தானை அழுத்திப் பார்க்கக் கூடாது. ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால்தான் பலகை எரிகிறது. மின் இணைப்பைப் பிடுங்கி, முடிந்தால் பாட்டரியையும் கழற்றி, மெக்கானிக்கிடம் கொண்டு போக வேண்டும்.

கடையில் கொடுக்கும்போதும் எழுத்துத் துணை வரும். என்ன பழுது, என்ன மாற்றினார்கள், எவ்வளவு கூலி என்று எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய உறுப்பைத் திருப்பிக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார்.

தூக்கி எறிந்தால் எங்கே போகும்?

2022இல் உலகம் முழுவதும் சேர்ந்த மின்னணுக் குப்பை 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்தது கால் பங்குக்கும் குறைவு. ஐக்கிய நாடுகளின் அறிக்கை சொல்லும் கணக்கு இது.

கொச்சி மக்களுக்குக் குப்பையைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2023 மார்ச் 2 அன்று பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தது. பத்து நாளுக்கு மேல் புகைந்தது. நகரமே மூச்சு முட்டியது. வீசி எறிந்த பொருள் மறைந்து போவதில்லை. வேறு உருவத்தில் திரும்பி வருகிறது. இனி உதவாது என்று ஆன கருவியையும் பாட்டரியையும் மற்றக் குப்பையோடு போடாமல், மின்னணுக் குப்பை வாங்குபவர்களிடம் தனியே கொடுக்க வேண்டும்.

பழுது பார்ப்பது ஓர் உரிமை என்றும் இப்போது உலகம் பேசுகிறது. பிரான்சு நாட்டில் 2021 முதல் மடிக்கணினிக்கு மதிப்பெண் போடுகிறார்கள். எளிதில் கழற்றிப் பழுது பார்க்க முடியுமா, உதிரி உறுப்பு கிடைக்குமா என்று பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று போடுவார்கள். இந்தியாவிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்காக ஒரு குழு அமைத்தது. அடுத்த முறை வாங்கும்போது நீங்களும் கேளுங்கள்: "இதில் ராமை மாற்ற முடியுமா? பாட்டரி தனியாகக் கிடைக்குமா?"

எழுத்து ஒரு கருவி

முடிக்கும் முன் ஒன்று.

எர்ணாகுளம் சாதாரண மாவட்டம் அல்ல. 1989இல் அங்கே ஒரு பெரிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து நடத்தின. ஆயிரக்கணக்கான தொண்டர்கள் கூலி வாங்காமல் சொல்லிக் கொடுத்தார்கள். பார்வை மங்கிய முதியவர்களுக்கு, மற்றவர்கள் தந்த மூக்குக் கண்ணாடிகளைச் சேகரித்துக் கொடுத்தார்கள். 1990 பிப்ரவரி 4 அன்று, முழு எழுத்தறிவு பெற்ற இந்தியாவின் முதல் மாவட்டமாக எர்ணாகுளம் அறிவிக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் கேரளம் டிஜிட்டல் எழுத்தறிவும் முழுமையாகப் பெற்றதாக அறிவித்தது.

கதையில் வரும் பாட்டி அந்த 1989இல் இரவு வகுப்பில் எழுத்துக் கற்றவள். அதற்கு முன்பே அவளுக்குக் குறி போடத் தெரியும். குறியோடு எழுத்தும் சேர்ந்தது. இப்போது பேத்தி அதே முறையில் ஒரு கணினியைப் பிரித்துப் பூட்டினாள்.

எழுதி வைத்துவிட்டுப் பிரிப்பவருக்குத் திரும்பப் பூட்ட வழி தெரியும். தவறு நடந்தாலும் எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்க முடியும். கற்ற எழுத்தைக் கையெழுத்துப் போட மட்டும் வைத்திருக்க வேண்டாம். அதுவும் திருப்புளியைப் போல ஒரு கருவிதான். எடுத்துப் பயன்படுத்துங்கள்.

கலந்து பேசுங்கள்

1. கறுப்புத் திரை வந்தபோது அந்த வீட்டாருக்கு உதவியது எது?

2. திறந்ததும் முதலில் பாட்டரி இணைப்பை ஏன் கழற்ற வேண்டும்?

3. உங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் கருவி எது? அதன் சீட்டில் உள்ள மாடல் எண்ணையும் வோல்ட் எண்ணையும் நோட்டில் எழுதி வாருங்கள்.

4. உங்கள் தொழிலில் நீங்கள் போடும் குறிகள் என்னென்ன? ஒருவருக்கொருவர் சொல்லுங்கள்.